கீழவிளைக்காரி

அந்த அட்டைப்பெட்டியின் நான்கு பக்கங்களிலும் கட்டைவிரல் நுழையும் அளவுக்குத் துளை போட்டிருந்தார்கள். பெட்டியைத் திறக்கும் முன்பே அந்தத் துளைகள் வழியாக வாசனை வந்துவிட்டது. மார்த்தாண்டம் பஸ் நிலையத்தில், டீசல் புகைக்கும் பழக்கடைக் குப்பைக்கும் நடுவில், ஓமத்தை உள்ளங்கையில் வைத்துக் கசக்கியதுபோல ஒரு காரமான மணம். மைனி பெட்டியை முகத்தருகே தூக்கிப் பிடித்துக் கண்ணை மூடிக்கொண்டு நின்றாள். நான் பக்கத்தில் நின்று கவலைப்பட்டுக்கொண்டிருந்தேன். மலை நாற்றுப்பண்ணையிலிருந்து இத்தனை தூரம் இருட்டில் அடைபட்டு வந்த செடிகள் உயிரோடு இருக்குமா, இருந்தாலும் எங்கள் ஊர் வெக்கையைத் தாங்குமா, தாங்கினாலும் பெரியண்ணன் பார்த்தால் என்ன சொல்வார் என்று ஒன்றன்பின் ஒன்றாக வந்தது. எனக்குப் பயம் வயிற்றில்தான் வரும். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். அன்று பஸ்ஸில் திரும்பும்போது பாதி வழியில் இறங்கிவிடலாமா என்றுகூட இருந்தது.

வீட்டு முற்றத்தில் வைத்துப் பெட்டியைப் பிரித்தோம். தென்னைநார்த் தூள் அடைத்த சின்னச் சின்னக் குழிகள் கொண்ட தட்டுகள். ஒவ்வொரு குழியிலும் சுண்டுவிரல் உயரத்துக்கு ஒரு செடி. இலைகள் எலிக்காது மாதிரி இருந்தன. தொட்டால் மெல்லிய ரோமம் விரலில் பட்டது. ஓரத்தில் இருந்தவை கொஞ்சம் தலை சாய்ந்திருந்தன. "வந்துட்டியளா மக்கா" என்று மைனி அவற்றிடம் கேட்டாள். குவைத்திலிருந்து அவள் திரும்பி வந்த அன்று எங்களில் ஒருவரிடமும் அவள் இப்படிப் பிரியமாகப் பேசவில்லை. அதைச் சொன்னேன். "இதுவளுக்கு என்னைப் பாத்ததும் கேக்கதுக்கு ஒரு கேள்வியும் இல்லல்லா. அதான்" என்றாள்.

மைனி என் சின்னண்ணனின் மனைவி. சின்னண்ணன் லாரி ஓட்டினான். பிள்ளை ஒன்று ஆகும் முன்பே நெஞ்சுவலி வந்து போய்விட்டான். அதன்பிறகு அவள் குவைத்தில் ஒரு ஹோட்டல் அடுக்களைக்கு வேலைக்குப் போனாள். வெங்காயம் நறுக்குவதில் தொடங்கி, மாவு பிசைந்து, கடைசியில் பீட்சா அடுப்பின் முன்னால் நிற்கும் அளவுக்கு வந்துவிட்டாள். பீட்சாவுடன் சிறு பொட்டலத்தில் தருகிறார்களே, மேலே தூவிக்கொள்ள, அந்த உலர்ந்த இலைதான் ஒரிகானோ. பெட்டியில் வந்தது அதன் நாற்று. பொட்டலத்தில் வருவது வெறும் தூசி என்பாள் மைனி. பச்சையாகப் பறித்த இலையை ஒருமுறை கசக்கி முகர்ந்தவர்கள் பிறகு அந்தப் பொட்டலத்தைக் கிழிக்க மாட்டார்கள் என்பாள். அவளோடு அங்கே வேலை பார்த்த சமையல்காரர் ஒருவர் ஊர் திரும்பி, கன்னியாகுமரியில் ஒரு ஹோட்டலில் தலைமைச் சமையல்காரராக இருந்தார். அவர் சொன்னாராம், மருந்து அடிக்காமல், கடை உரம் போடாமல் வளர்த்த இலை என்றால் எவ்வளவு இருந்தாலும் எடுத்துக்கொள்கிறேன், ஒரே ஒருதடவை மருந்து பட்டது என்று தெரிந்தாலும் அதோடு சரி என்று.

இடம் இருந்தது. எங்கள் ஊர் அருமனைப் பக்கம், ரப்பர் தோட்டங்களுக்கு நடுவில். தோட்ட நிலத்தை நாங்கள் விளை என்போம். வீட்டுக்குக் கீழே சரிவில் கிடந்த துண்டுக்குக் கீழவிளை என்று பெயர். அது சின்னவனுக்கு என்று அப்பா வாயால் சொல்லியிருந்தார். பாகம் வைத்துப் பத்திரம் எழுதவில்லை. சின்னண்ணன் போனபிறகு அங்கே நின்ற தென்னைகளில் தேங்காய் வெட்டுவது பெரியண்ணன்தான். ஊரும் அதைப் பெரியண்ணனின் விளை என்றே சொல்லிப் பழகிவிட்டது. மைனி வந்து, "கீழவிளையில நான் செடி வைக்கப்போறேன் அத்தான்" என்று சொன்னபோது அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். "வையி. ரெண்டு செடி வச்சா நிலம் தேஞ்சா போவும்" என்றார். அனுமதி தருகிற மாதிரிச் சொன்னார். அவள் அனுமதி கேட்கவில்லை என்பது எனக்குப் புரிந்தது.

பெரியண்ணனைப் பற்றியும் சொல்ல வேண்டும். அவர் கெட்டவர் இல்லை. அப்பா போனபிறகு எனக்குச் சோறு போட்டவர். காய்ச்சல் என்றால் அவரே பைக்கில் வைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவார். எட்டாம் வகுப்போடு என் படிப்பை நிறுத்தியதும் அவர்தான். "பொட்டப்பிள்ளைக்கு இது போதும்" என்று ஒரு நாள் காலையில் சொன்னார். மறுநாள் முதல் நான் அண்டியாபீஸுக்குப் போனேன். முந்திரிப்பருப்பு உடைத்துத் தோல் உரிக்கும் ஆலையை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்லுவோம். அந்தத் தோட்டின் எண்ணெய் பட்டு என் விரல் நுனிகள் இன்றும் கறுத்துத்தான் இருக்கின்றன. அவர் சொன்னார், நான் போனேன். எதிர்த்துக் கேட்கலாம் என்ற எண்ணமே அப்போது எனக்கு வரவில்லை. அவருக்கு ஜங்ஷனில் உரக்கடை இருந்தது. உரமும், பூச்சிமருந்தும், களைக்கொல்லியும். சுற்றுவட்டாரம் முழுக்க வாழைக்கும், மரச்சீனி என்று நாங்கள் சொல்லும் மரவள்ளிக்கும் அவர் கடையில்தான் வாங்கினார்கள். அந்த வீட்டுக்குள் இருந்துகொண்டு ஒருத்தி மருந்து இல்லாமல் விவசாயம் செய்யப்போகிறேன் என்றால், அது செடி விஷயமாக மட்டும் இருக்க முடியுமா?

"எனக்க கடையில இருக்கப்பட்டதெல்லாம் விஷமா பிள்ளே? ஊரு பூரா அதத்தான் தின்னுது. யாரு செத்தா?"

"செத்தவுக வந்து சொல்லமாட்டாவ அத்தான்."

இப்படித்தான் பேசுவாள். குவைத்துக்குப் போகுமுன் இவள் இப்படிப் பேசியதில்லை என்று வீட்டில் சொல்வார்கள். போகுமுன் இவளிடம் யாராவது பேச்சுக் கொடுத்தார்களா என்று யாரும் கேட்டதில்லை.

முதல் தடவை நட்டது வைகாசியில் தொடங்கும் இடவப்பாதி மழைக்குக் கொஞ்சம் முன்னால். எங்கள் ஊரில் செடி நடுவது என்றால் ஒரே முறைதான். தென்னையோ வாழையோ, சுற்றிலும் வட்டமாகத் தடம் வெட்டி, தடம் நிறையச் சாணமும் சருகும் போட்டு, தண்ணீர் நிற்கும்படி வரம்பு கட்டி, காலையும் மாலையும் ஊற்றுவோம். பிரியம் அதிகமானால் இன்னொரு குடம். ஒரிகானோவுக்கும் அதையே செய்தோம். சின்னச் சின்னத் தடங்கள், பார்க்கச் சாப்பாட்டுத் தட்டுகளை வரிசையாக வைத்ததுபோல அழகாக இருந்தன. பக்கத்து வீட்டு அக்கா வந்து ஒரு இலையைக் கிள்ளி முகர்ந்துவிட்டு, "இது நம்ம கற்பூரவள்ளிக்க தங்கச்சியாட்டி?" என்று கேட்டாள். "தங்கச்சியில்ல, சம்பந்தக்காரி. வெளிநாட்டுல கட்டிக்குடுத்தது" என்றாள் மைனி. மழை வந்தது. தடங்கள் எல்லாம் குளங்களாயின. செடிகள் முதலில் பச்சையாகத் தளதளவென்று நின்று எங்களை ஏமாற்றின. பிறகு அடியிலிருந்து கறுக்கத் தொடங்கின. தொட்டால் தண்டு கூழாகக் கையோடு வந்தது. வேர் என்று ஒன்றுமே இல்லை, அழுகல் நாற்றம்தான் இருந்தது.

பெரியண்ணன் குடையோடு வந்து சரிவின் மேல்நின்று பார்த்தார். "புல்லுகூட நட்டா முளைக்கும். ஒனக்க கையில அதும் முளைக்கல்ல போல" என்றார். அன்று சாயங்காலம் எங்கள் சபை உபதேசியார் ஜெபிக்க வீட்டுக்கு வந்திருந்தார். சாயா குடித்துக்கொண்டிருக்கும்போது பெரியண்ணன் அவரிடம் சாதாரணமாகச் சொல்வதுபோல, மழை கழிந்ததும் கீழவிளையில் ரப்பர் கன்று வைக்கப்போவதாகச் சொன்னார். ரப்பர் வைத்துவிட்டால் அது மரமாகி, பால் வெட்டி, அவர் காலம் முடிந்து அவர் மகன் காலம் வரை அங்கேதான் நிற்கும். அதன்பிறகு அதைச் சின்னவன் நிலம் என்று யாரும் சொல்ல முடியாது. மைனிக்குத் தெரியும். அடுக்களை வாசலில் நின்றவள் முன்னால் வந்தாள்.

"மழை கழிஞ்சதும் நான் வேற நாற்று வைக்கப்போறேன்."

"இன்னுமா ஒனக்கு ஆசை தீரல்ல?"

"அறுப்பின் பண்டிகைக்கு எல்லாரும் விளைஞ்சதக் கொண்டு வருவாவல்லா. அன்னைக்கு கீழவிளையில இருந்து ஒண்ணும் இல்லாம நான் வெறுங்கையோட வந்தா, நீங்க ரப்பர் வையுங்க. நான் வாய் திறக்கமாட்டேன்."

"உபதேசியாரு சாட்சி."

"ஆமா, சாட்சி."

உபதேசியார் சாயாவை எந்தப் பக்கம் வைப்பது என்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார். நான் அடுக்களைக்குள் போய்க் கதவுக்குப் பின்னால் உட்கார்ந்துவிட்டேன். விளை போனால் மைனி எங்கே போவாள்? அந்த வீட்டில் அவளுக்கு ஒரு அறை இருந்தது, ஒரு கட்டில் இருந்தது. அதெல்லாம் பெரியண்ணன் மனசு வைத்தால் இருப்பவை. தன்னுடையது என்று விரல் நீட்டிக் காட்ட அவளுக்கு அந்தச் சரிவு மட்டும்தான். எனக்கு அதுவும் இல்லை என்று அன்று தோன்றியது. அதை நான் யாரிடமும் சொல்லவில்லை.

செத்த செடிகளைப் பிடுங்கும்போதுதான் அது கண்ணில் பட்டது. தடம் வெட்டிய இடத்தில் நாற்று கொள்ளாமல், மிச்சம் வந்த சிலவற்றை ஓரத்தில் பழைய மரச்சீனி மேடுகளின்மேல் சும்மா குத்தி வைத்திருந்தோம். முந்தைய வருடம் கிழங்கு பறித்தபின் அப்படியே கிடந்த மண்மேடுகள். சாணம் இல்லை, சருகு இல்லை, யாரும் தண்ணீர் ஊற்றவில்லை. கவனிப்பாரற்று நின்ற அந்தச் செடிகள் மட்டும் உயிரோடு இருந்தன. இருந்தன என்பது குறைவு. நாலு பக்கமும் கிளை விட்டு, மழையில் கழுவிய முகத்தோடு நின்றன. மைனி குத்தவைத்து வெகுநேரம் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்து, "ஏட்டி, நாம பாசம் காட்டியே கொன்னிருக்கோம்" என்றாள்.

அடுத்த நாற்று வந்தது கார்த்திகை மழை ஓய்ந்தபின். கடன் வாங்கியா, வளையலைக் கழற்றியா என்பதெல்லாம் நான் கேட்கவில்லை. விதை போட்டால் என்ன என்று மட்டும் கேட்டேன். ஒரிகானோ விதை தூசி மாதிரி, ஊதினால் போய்விடும். முளைத்தாலும் ஒன்றுக்கு மணம் இருக்கும், அடுத்ததற்கு இருக்காது. தாய்ச்செடியின் கம்பிலிருந்து வேர் பிடிக்கவைத்த நாற்று என்றால் எல்லாமே ஒரே மணம். அதற்காகத்தான் நாற்று. இந்தத் தடவை தடம் வெட்டவில்லை. மரச்சீனிக்குப் போடுவதுபோல வரிசையாக மேடு போட்டோம். ஆற்றுமணல் கலந்தோம். எங்கள் செம்மண்ணுக்குப் புளிப்பு ஜாஸ்தி என்று சிப்பிச் சுண்ணாம்பைப் பொடித்துத் தூவினோம். மண்புழு உரம் ஒவ்வொரு குழிக்கும் ஒரு பிடி, அதற்குமேல் இல்லை. நாற்றைத் தட்டிலிருந்து எடுக்கும்போது தண்டைப் பிடிக்கக் கூடாது, அடியிலிருந்து விரலால் தள்ளி வேர்க்கட்டியோடு எடுக்க வேண்டும். நட்டபின் சருகு மூடாமல், மேட்டின்மேல் சிறு கூழாங்கல் பரப்பினோம். நாற்று ஒரு சாண் உயர்ந்ததும் மைனி ஒவ்வொன்றின் நுனியையும் கிள்ளிப் போட்டாள். வளர்கிற செடியின் தலையைக் கிள்ளுகிறாளே என்று எனக்கு மனசு பதறியது. கிள்ளிய இடத்துக்குக் கீழே இரண்டாகக் கிளைத்து அது புதராகும் என்று அவள் சொன்னாள். கிளைக்கும் வரை நான் நம்பவில்லை.

தண்ணீர்தான் எனக்குப் பெரிய சோதனை. வெயிலில் நிற்கிற செடியைப் பார்த்தால் என் கை தானாகக் குடத்துக்குப் போகும். மைனி என் கறுத்த விரலைப் பிடித்து மண்ணுக்குள் குத்துவாள். "ஈரம் தெரியுதா?" "தெரியுது." "அப்ப குடத்தக் கீழ வையி." தை பிறந்து காற்று காய்ந்ததும் இலைகளுக்கு அடியில் பொட்டுப் பொட்டாகச் செம்பூச்சி வந்தது. கண்ணுக்குச் சரியாகப் பிடிபடாத சிலந்தி வகை. மேலே இலை சாம்பல் நிறமாக வெளுத்தது. நான் அண்டியாபீஸிலிருந்து திரும்பும் வழியில் பெரியண்ணனின் கடையைத் தாண்டித்தான் வர வேண்டும். அவர் கூப்பிட்டார். சின்னப் புட்டி ஒன்றை எடுத்து மேசையில் வைத்தார். "ஒரு மூடி போதும். நாளைக்கே தெளிஞ்சிரும். அவளுக்குத் தெரியவே வேண்டாம். நீயும் கஷ்டப்படுதல்லா" என்றார். அந்தக் குரலில் உண்மையாகவே அக்கறை இருந்தது. அதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது. புட்டியை எடுக்கவா வேண்டாமா என்று நின்றேன். பிறகு, "வேண்டாம்ணே" என்று சொல்லிவிட்டு வேகமாக நடந்தேன். எங்கள் வீட்டு வளைவு வரை திரும்பிப் பார்க்கவில்லை. அண்ணனிடம் வேண்டாம் என்று சொன்னது அதுதான் முதல் தடவை என்று வீட்டுக்கு வந்தபின்தான் உறைத்தது. மைனியும் நானும் காலையில் குழாயைப் பிடித்து இலைகளின் அடிப்புறத்தைத் தண்ணீரால் அடித்துக் கழுவினோம். வேப்பெண்ணெயில் சோப்புக் கரைத்துத் தெளித்தோம். முதுகு ஒடிந்தது. பூச்சி போனது.

கீழவிளைக்குப் பக்கத்தில் பெரியண்ணனின் வாழை. ஒருநாள் காலையில் இரண்டு ஆட்கள் முதுகில் மருந்துத் தெளிப்பானை மாட்டிக்கொண்டு அங்கே வந்தார்கள். நல்ல காற்று. வாழையிலிருந்து நேராக எங்கள் மேடுகளை நோக்கி வீசியது. இன்னொரு நாள் அடிக்கலாமே என்று மைனி கேட்டாள். "முதலாளி இன்னைக்குன்னு சொன்னாவ" என்று அவர்கள் தலையைச் சொறிந்தார்கள். மைனி வீட்டுக்கு ஓடினாள். குவைத்திலிருந்து கொண்டுவந்த படுக்கை விரிப்புகள், பூப்போட்டவை, பெட்டியை விட்டு வெளியே வராதவை, எல்லாவற்றையும் வாரிக்கொண்டு வந்தாள். எல்லையில் நின்ற தென்னைகளுக்கு நடுவே கயிறு கட்டி, அவற்றைத் தண்ணீரில் நனைத்து வரிசையாகத் தொங்கவிட்டாள். போதாமல் தன் புடவைகளையும் என் நைட்டிகளையும் போட்டாள். ரப்பர் பால் எடுத்துக்கொண்டு போனவர்கள் நின்று வேடிக்கை பார்த்தார்கள். "கல்யாண வீடா இது?" என்று ஒருவர் கேட்டார். "ஆமா, மாப்பிள்ளை மருந்தடிச்சிட்டு வாராரு" என்றாள் மைனி. காற்று பலமாக வந்து ஒரு ஓரத்துக் கயிறு அவிழ்ந்தது. ஈரத்துணி மொத்தமும் சரிந்து மேட்டின்மேல் விழப்போனது. நான் ஓடிப்போய்க் கயிற்றின் நுனியைப் பிடித்துக்கொண்டேன். மருந்து வாடை மூக்கில் ஏறியது. எனக்கு என்னவெல்லாமோ நோய் வரப்போகிறது என்று மனசு வரிசையாகச் சொல்லிக்கொண்டே இருந்தது. அந்த ஆட்கள் வேலையை முடித்துவிட்டுப் போகும்வரை நான் கயிற்றை விடவில்லை. பயந்தவர்களால் எதிர்த்து நிற்க முடியாது என்பது தைரியசாலிகள் யாரோ கிளப்பிவிட்ட கதை.

அறுப்பின் பண்டிகையைப் பற்றித் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். அறுவடைக்கு நன்றி சொல்லும் நாள். ஒவ்வொரு வீட்டாரும் தங்கள் நிலத்தில் விளைந்ததை ஆலயத்துக்குக் கொண்டுவருவார்கள். வாழைக்குலை, மரச்சீனி, சேனை, பலா, கோழி, முட்டை. உபதேசியார் ஒவ்வொன்றையும் கையில் தூக்கி, எந்த நிலத்தில் விளைந்தது, யார் தந்தது என்று உரக்கச் சொல்வார். பிறகு அதை ஏலம் விடுவார். பணம் சபைக்கு. அங்கே விலைக்குமேல் கேட்பதுதான் பெருமை. பெரியண்ணன் அந்த ஏலத்தில் யாருக்கும் விட்டுக்கொடுத்ததே இல்லை. ஒருமுறை ஒரு பலாக்காயைக் கன்றுக்குட்டி விலைக்கு எடுத்தார். ஏலம் கேட்பது ஆண்கள்தான். பெண்களுக்கு ஆசை இருந்தால் புருஷனுக்குச் சைகை காட்டுவார்கள். கீழவிளைத் தேங்காய்க்குலை ஒவ்வொரு வருடமும் பெரியண்ணன் பெயரில்தான் கூப்பிடப்பட்டது. ஊர் கேட்டது, ஊர் நம்பியது. எங்கள் ஊரில் பத்திரத்தைவிட அந்தக் குரலுக்கு மதிப்பு.

அன்று காலையில், பனி காய்ந்தபின், மொட்டு விரியும் முன்னால், மைனி ஒரிகானோவை அறுத்தாள். பிடிபிடியாகச் சேர்த்து, இடுப்பளவு தண்டியாக ஒரு கட்டு, வாழைநாரால் கட்டினாள். ஆலயத்துக்குள் அவள் அதைக் கொண்டுவந்தபோது வெற்றிலையும் எண்ணெயும் பவுடரும் கலந்த வழக்கமான வாசனைக்கு மேலே அந்தக் காரமான மணம் ஏறியது. குழந்தைகள் திரும்பிப் பார்த்தன. உபதேசியார் கட்டைக் கையில் வாங்கிக்கொண்டு, "யாருக்க பேருல சொல்லணும்?" என்று கேட்டார்.

ஆண்கள் பக்கத்திலிருந்து பெரியண்ணன், "குடும்பப் பேருல சொல்லும் உபதேசியாரே" என்றார். குடும்பப் பெயர் என்றால் அவர் பெயர்.

மைனி நகரவில்லை. "தேங்காய அத்தானுக்க பேருல சொல்லுங்க. வெட்டினது அவரு. இது நான் நட்டது. கீழவிளைன்னு சொல்லி எனக்க பேரச் சொல்லுங்க."

உபதேசியாருக்கு அந்தச் சாயா நினைவுக்கு வந்திருக்க வேண்டும். தொண்டையைச் செருமிக்கொண்டு, கீழவிளை என்று சொல்லி, மைனியின் பெயரைச் சொன்னார். அந்த ஆலயத்தில் அவள் பெயர் தனியாகச் சொல்லப்பட்டது, அவள் கல்யாணத்தை அறிவித்து ஓலை வாசிக்கப்பட்ட பிறகு அன்றுதான். பிறகு ஏலம். "ஆரம்ப விலை யாரு கேக்கா?" யாரும் கேட்கவில்லை. பெரியண்ணனைப் பகைத்துக்கொள்ள யாருக்கும் மனசில்லை. பாதிப்பேருக்கு அவர் கடையில் கடன்பற்று இருந்தது. "இத வாங்கி ரசமா வைக்கதுக்கு?" என்று பின்னாலிருந்து ஒருவர் சொல்ல, சிரிப்பு ஓடியது. உபதேசியார் இன்னொரு முறை கேட்டார். காணிக்கையாகக் கொண்டுவந்தது கேட்பாரில்லாமல் திரும்பினால் அதைவிடக் கேவலம் எங்கள் சபையில் இல்லை. வெறுங்கையோடு வந்ததற்குச் சமம் என்று பெரியண்ணன் நாளைக்கே சொல்லலாம். மைனி முன்னால் நின்றுகொண்டிருந்தாள். அவள் முதுகு மட்டும்தான் எனக்குத் தெரிந்தது. நேராக இருந்தது.

எனக்குச் சைகை காட்டப் புருஷன் இல்லை. கல்யாணம் நடக்கவில்லை, அது வேறு கதை. அதனால் நானே கேட்டேன். அந்த வாரம் அண்டியாபீஸில் தந்த கூலியைச் சொன்னேன். குரல் என்னுடையது மாதிரியே இல்லை. "யாரு அது?" என்றார் உபதேசியார். பெண்கள் எல்லோரும் திரும்பினார்கள். எழுந்து நின்றேன். மறுபடியும் சொன்னேன்.

பெரியண்ணன் என்னைப் பார்த்தார். கோபம் என்று சொல்ல முடியாது, திகைப்பு. அவர் சோறு போட்டு வளர்த்த, வாய் திறக்காத தங்கச்சி, நிறைந்த சபையில் ஏலம் கேட்கிறாள், அவர் உட்கார்ந்திருக்கிறார். ஆண்கள் பக்கத்தில் யாரோ, "தங்கச்சி எடுத்துரும் போலிருக்கே" என்று மெதுவாகச் சொன்னார்கள். அவ்வளவுதான். பெரியண்ணன் எனக்குமேல் கேட்டார். பழக்கம். அந்த ஏலத்தில் தனக்குமேல் ஒரு குரல் நிற்பதை அவரால் தாங்க முடியாது. நான் இன்னும் கொஞ்சம் ஏற்றினேன். அவர் இரண்டு மடங்காக்கினார். அதற்குமேல் கேட்க என்னிடம் தைரியமும் இல்லை, பணமும் இல்லை. உட்கார்ந்துவிட்டேன். உபதேசியார் மூன்றாம் தரம் சொல்லும்போது வழக்கப்படி முழுதாகச் சொன்னார்: கீழவிளை, மைனியின் பெயர், அவள் தந்தது, எடுத்தவர் இன்னார் என்று பெரியண்ணனின் பெயர். அவர் தன் வாயால் விலை சொல்லி, தன் கையால் பணம் கொடுத்து, அவள் நிலத்தில் அவள் விளைவித்ததை வாங்கிவிட்டார். அது அவருக்குப் புரிந்தது கட்டைக் கையில் வாங்கிய பிறகுதான். முகத்தில் தெரிந்தது. கோழியைத் தூக்குவதுபோலத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு வெளியே போனார்.

வீட்டுக்கு நடக்கும்போது மைனியிடம் கேட்டேன். "அண்ணன் கேப்பாருன்னு ஒங்களுக்குத் தெரியுமா?"

"அவரு எதத்தான் விட்டுக்குடுத்தாரு? ஆனா ஆரம்பிச்சு வைக்க ஒரு வாய் வேணும்லா. யாரு வாய் திறப்பான்னுதான் நின்னேன்." கொஞ்ச தூரம் நடந்தபின் சொன்னாள். "அது ஒனக்க வாயா இருக்கும்னு சத்தியமா நெனைக்கல்ல ஏட்டி."

நாலைந்து நாள் கழித்துப் பெரியண்ணன் என்னைக் கூப்பிட்டு, யாரும் பக்கத்தில் இல்லை என்று பார்த்துக்கொண்டு, "அத எதுலட்டி போடணும்?" என்று கேட்டார். மாட்டிறைச்சி வறுவலில் கடைசியில் தூவச் சொன்னேன். போட்டாரா என்று தெரியாது. ரப்பர் பேச்சு அதோடு நின்றது. பேச முடியவில்லை, அவ்வளவுதான். சாயாக்கடையில் ஆட்கள் மைனியைக் கீழவிளைக்காரி என்று சொல்ல ஆரம்பித்துவிட்டார்கள். அடுத்த மழைக்கு முன்னால் பெரியண்ணனே ஒரு ஆளோடு வந்து வாழைக்கும் மேடுகளுக்கும் நடுவே எல்லைக்கல் போட்டார். "ஒனக்க எழவு செடி எனக்க வாழைக்குள்ள வந்துரப்பிடாது" என்று திட்டிக்கொண்டே போட்டார். மைனி கல்லைப் பார்த்துவிட்டுச் சாயா போடப் போனாள். கன்னியாகுமரி ஹோட்டல்காரர் சொன்னபடி இலையை எடுத்துக்கொண்டார், வருடங்கள் ஓடின.

போன ஆடியில் மைனி போய்விட்டாள். நோய் வந்ததும் தெரியவில்லை, முற்றியபிறகுதான் தெரிந்தது. கடைசி வாரங்களில் அவளுக்கு எந்த வாசனையும் ஆகவில்லை, ஒரிகானோ தவிர. கண்மூடும் முன்னால் விளையைப் பற்றி அவள் எதுவும் சொல்லவில்லை. சொல்லியிருக்கலாமே என்று ரொம்ப நாள் வருத்தமாக இருந்தது. சொல்ல என்ன இருக்கிறது என்று இப்போது தோன்றுகிறது. அப்பாவின் சொத்தில் பெண்பிள்ளைக்கும் சமபங்கு உண்டு என்று தாலுகா ஆபீஸில் ஒரு அம்மா எனக்குச் சொன்னாள். இத்தனை வருடம் இதை யாரும் எனக்குச் சொல்லவில்லை. எட்டாவது வரை படித்த புத்தகங்களிலும் அது இல்லை.

இப்போது நானே கம்பு வெட்டி நாற்று பிடிக்கிறேன். பழகிவிட்டேன், ஆனால் கவலை போகவில்லை. மழை கொஞ்சம் கூடினால் சோறு இறங்காது. கம்பு வேர் விட்டதா என்று நாளுக்குப் பலதடவை பார்ப்பேன். பார்க்கக் கூடாது என்று தெரியும், ஆனாலும் பார்ப்பேன். பெரியண்ணனுக்கு இப்போது காது கேட்பதில்லை. கடையை மகன் பார்க்கிறான். அவனுக்குச் சரிவில் மரவீடு கட்டி வெளியூர்க்காரர்களுக்கு வாடகைக்கு விடுகிற யோசனை. என்னிடம் சொல்லவில்லை. வேறொருவர் சொல்லித் தெரிந்தது.

போன வாரம் நான் மேட்டில் குத்தவைத்து நாற்று நட்டுக்கொண்டிருந்தபோது அவன் ஒரு ஆளோடு வந்தான். அந்த ஆள் கையில் அளக்கிற டேப் இருந்தது.

"அத்தே, கொஞ்சம் மாறி நில்லுங்க. அளக்கணும்."

"என்னத்த?"

"விளையத்தான். அந்த ஓரத்துல இருந்து தொடங்கணும்."

காலுக்குக் கீழே கூழாங்கல் உருண்டது. எழுந்தால் தடுமாறுவேன் என்று தெரிந்ததால் எழவில்லை.

"அளக்கதுக்கு நான் சொல்லல்லியே மக்கா."

அவன் சிரித்தான். கெட்ட சிரிப்பு இல்லை, சின்னப்பிள்ளைகளிடம் சிரிப்பது மாதிரி. "நீங்க எதுக்கு அத்தே சொல்லணும்? இது யாருக்க விளை?"

"எனக்க விளை."

எந்தப் பொருளையும் பார்த்து 'எனக்க' என்று நான் அதுவரை சொன்னதில்லை. ஒரு நாற்காலியைக்கூட. டேப் பிடித்தவர் அவனைப் பார்த்தார். அவன் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தான். நான் அடுத்த குழியில் நாற்றை வைத்து, சுற்றிலும் மண்ணை அணைத்து, விரலால் அழுத்தினேன். டேப்பைச் சுருட்டுகிற சத்தம் கேட்டது. நான் நிமிர்ந்து பார்க்கவில்லை. தட்டில் இன்னும் நாற்று மிச்சம் இருந்தது.